ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணமும் மரபுத்தொடரும்: புதிதாக வகுப்பு எடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கச் சேர்ந்தபோது என் கையில் எம்.ஏ., பி.எட். இரண்டும் இருந்தன. அது போதும் என்றுதான் நினைத்தேன். முதல் வாரமே கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டு, பன்னிரண்டு டென்ஸையும் எழுதிவிட்டேன். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா போட்டு, அவ்வளவு அழகாக எழுதிக்கொண்டார்கள். மறுவாரம், "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 42 பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தக் கட்டத்துல வரும்?" என்றான்.

அந்த ஒரு வருடம் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சிபிஎஸ்இ என்றால் தேர்வு பற்றிச் சொல்வது பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் இப்படித்தான் எழுதி வைத்திருப்பார்கள். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

1. ஜூனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பாடநூல். உங்கள் வகுப்புக்கு உரியது மட்டும் போதாது. ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமும் வேண்டும். ஏன் என்று இரண்டாவது படியில் தெரியும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசம்.

பழைய வினாத்தாள்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தாள் மூன்று வருடத்துக்கு உரியது, உங்கள் மாவட்டத்தின் காலாண்டு, அரையாண்டுத் தாள்கள் மூன்று. 2019-20 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலம் ஒரே தாள்தான். அதற்கு முந்தைய இரண்டு தாள் முறையில் வந்த வினாத்தாள்களை யாராவது அன்போடு கட்டாகத் தூக்கிக் கொடுப்பார்கள். நன்றி சொல்லி வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

நான் பயன்படுத்திய தாள்களில் 100 மதிப்பெண் இப்படிப் பிரிந்திருந்தது: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. தேர்ச்சிக்கு 35. இலக்கணம் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு மதிப்பெண்ணில் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்), டென்ஸ், ஃப்ரேசல் வெர்ப் எனச் சிதறி வரும்; இரண்டு மதிப்பெண்ணில் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், நிறுத்தற்குறி, வாக்கிய மாற்றம், சொற்களை வரிசைப்படுத்துதல் என்ற ஐந்தில் மூன்றுக்குப் பதில் எழுத வேண்டும்; ஐந்து மதிப்பெண்ணில் பிழை திருத்தம் வரும். உங்கள் வருடத்தின் மாதிரித்தாளோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாடக்குறிப்பேடு. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு எழுத உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், சொல்கிறேன்.

கடைசியாக, ஒரு மாணவருக்கு ஒன்று வீதம் 40 பக்க நோட்டு. இதற்கு "பிழை நோட்டு" என்று பெயர். இந்த முறை முழுவதும் இந்த நோட்டை நம்பித்தான் இருக்கிறது.

2. முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்காதீர்கள்

தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் மூன்றாம் நாளே "போர்ஷன் எங்கே நிக்குது?" என்று கேட்பார். இரண்டு வாரத்தில் இரண்டே வேலைதான்.

ஒன்று, வாசிப்பு. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் தனியாக ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நிற்க வைத்து வேண்டாம். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் அழைத்து, மற்றவர்களுக்கு ஏதாவது எழுதக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பீரியடுக்குப் பத்து, பன்னிரண்டு பேர் ஆகும். என் வகுப்பில் 42 பேரில் 9 பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரவில்லை. அந்த 9 பேருக்கும்தான் நான் பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

இரண்டு, எழுத்து. "நேற்று எங்கள் வீட்டில்" என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடையாது, திட்டு கிடையாது, தெரியாத சொல்லைத் தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த 42 தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைகளை வகை வகையாகக் கோடு போட்டு எண்ணுங்கள். இரண்டு இரவு வேலை. எண்ணி முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது: நூற்றுக்கணக்கில் பிழை இருந்தாலும் வகை என்று பார்த்தால் எட்டோ ஒன்பதோதான். அந்த எட்டில் ஏழு தமிழிலிருந்து நேராக இறங்கி வந்தவை. பாடத்திட்டம் என்ன சொன்னாலும், அந்த எட்டு வகைதான் என்னுடைய இலக்கணப் பாடத்திட்டம் ஆனது.

3. பிழை தமிழில் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள்

"வகுப்பில் தமிழே பேசக்கூடாது" என்று சிலர் சொல்வார்கள். பேச்சுப் பயிற்சிக்கு அது சரி. இலக்கணத்துக்கு என் அனுபவம் வேறு. பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் இலக்கணம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது எளிது. நான் கரும்பலகையில் காட்டியவை இவை.

"அவர் ஆசிரியர்" என்பது தமிழில் முழு வாக்கியம், வினைச்சொல்லே இல்லை. அதனால்தான் பையன் "ஹி டீச்சர்" என்று எழுதுகிறான். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆம், இஸ், ஆர் ஒன்றை நிறுத்து என்று சொல்லுங்கள். உடனே ஒரு பக்கவிளைவு வரும்: "ஐ ஆம் லைக் பிரியாணி". இரண்டு வாரத்துக்கு எல்லா வாக்கியத்திலும் ஆம் வந்து உட்காரும். பயப்படாதீர்கள், இது முன்னேற்றம்தான். "ஏற்கெனவே ஒரு வினை உட்கார்ந்திருக்கிறதா?" என்று கேட்கப் பழக்கினால் போய்விடும்.

அ, அன் சொல்லிக்கொடுக்க உயிரெழுத்துப் பட்டியல் தேவையில்லை. "ஒரு மரம்", "ஓர் ஊர்" என்று தமிழ் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்துங்கள், அதே கணக்குதான். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். "அன் ஹவர்", ஆனால் "அ யூனிவர்சிட்டி". நான் வாங்கிய ஒரு நோட்ஸ் புத்தகத்தில் இந்த இரண்டாவதே தப்பாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்கு நான் தப்புப் போட, ஒரு பெண் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நோட்ஸில் இருக்கிற விடையை வகுப்புக்குப் போகுமுன் அகராதியில் சரிபாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் மாணவர் அகராதியும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பும் கேட்கலாம்.

"த" எங்கே போடுவது என்பது கடினம். முழுசாக யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் ஓர் ஏணி உண்டு. "கடிதம் எழுதினேன்" என்பதற்கும் "கடிதத்தை எழுதினேன்" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பில் கேளுங்கள். கொஞ்ச நேரம் முழிப்பார்கள். அப்புறம் யாராவது, "ரெண்டாவதுல எந்தக் கடிதம்னு நமக்குத் தெரியும் சார்" என்று சொல்வார்கள். அவ்வளவுதான். முதலாவது "அ லெட்டர்", இரண்டாவது "த லெட்டர்". எல்லா இடத்திலும் இது உதவாது, பாதி இடத்தில் உதவும். அதுவே லாபம்.

வேற்றுமை உருபுதான் முன்னிடைச்சொல் பிழைகளின் ஊற்று. "மதுரைக்கு வந்து சேர்ந்தோம்" என்பதில் உள்ள கு, "ரீச்ட் டு மதுரை" ஆகிறது. "அதைப் பற்றி விவாதித்தோம்", "டிஸ்கஸ்ட் அபவுட் இட்" ஆகிறது. "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பது "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" ஆகிறது. விதி எதுவும் சொல்லாமல் இந்த மாதிரி பத்து வாக்கியங்களை ஒரு சார்ட்டில் எழுதி, தேவையில்லாத சொல்லைச் சிவப்பில் அடித்து, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் என்பது முக்கியம். வரிசையில் நிற்கும்போது வேறு வேலை இல்லாமல் அதைத்தான் வாசிப்பார்கள்.

"நேற்று வந்திருக்கிறான்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே மாற்றினால் "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே". ஆங்கிலத்தில் இது தப்பு. முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் எல்லாம் ஹேவ், ஹேஸோடு ஒட்டாது. பிழை திருத்தப் பகுதிக்கு இதை நன்றாகப் பழக்குங்கள்.

நிபந்தனை வாக்கியத்தில் ஒரு பொறி, ஒரு புதையல். பொறி என்னவென்றால், "பெய்தால்", "வந்தால்" எல்லாம் பார்வைக்கு இறந்தகாலம் மாதிரி இருக்கும். அதனால் "இஃப் இட் ரெய்ன்ட் டுமாரோ" என்று எழுதுவார்கள். புதையல் மூன்றாவது வகையில் இருக்கிறது. நான் இரண்டு பீரியட் நடத்தியும் ஏறாத பாடம் அது. "படித்திருந்தால் பாஸாகியிருப்பேன்" என்ற ஒரு வாக்கியத்தை எழுதி, "இருந்தால்" கீழே ஹேட், "இருப்பேன்" கீழே வுட் ஹேவ் என்று எழுதியதும் ஏறிவிட்டது. "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்." அந்த வாக்கியம் வேறு அவர்களுக்கு மிகவும் நெருக்கமானது.

4. தமிழாசிரியரோடு ஒரு டீ சாப்பிடுங்கள்

முதல் மாதத்திலேயே இதைச் செய்யுங்கள். செலவு இரண்டு டீ, இரண்டு வடை. எங்கள் பள்ளித் தமிழம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: செய்வினை செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று அயற்கூற்று, தனிவாக்கியம் தொடர்வாக்கியம் கலவை வாக்கியம் எல்லாம் எந்த வாரம் எடுப்பீர்கள்? அவர் சொன்ன தேதிகளுக்கு மறுநாள் என் பாடத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு இலக்கணமும் ஒரே நேரத்தில் சூடாக இருக்கும்.

வாய்ஸ்: "கரிகாலன் கல்லணையைக் கட்டினான்", "கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது". இது தமிழ் வகுப்பில் மனப்பாடம். "ஆல்" என்பது பை, "பட்டது" என்பது வாஸ் என்று கோடு போட்டு இணையுங்கள். வினையின் மூன்றாம் வடிவம் மட்டும் தனியாகப் படிக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை, தினம் ஐந்து. "இப்படி யார் சார் பேசுவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. "என் பேனா திருடு போயிடுச்சு" என்று பதில் சொல்லுங்கள். யார் எடுத்தது என்று தெரியாதபோது நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "மை பென் வாஸ் ஸ்டோலன்." திருடன் பெயர் தெரியாது, அதனால் பை கிடையாது.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்: பிள்ளைகள் இதில் தடுமாறக் காரணம் நம்முடைய "என்று". "நாளைக்கு வர்றேன்னு சொன்னான்" என்று பேசும்போது அவன் சொன்னதை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறோம். நான் நானாகவே இருக்கும், நாளை நாளையாகவே இருக்கும். அதனால் "ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ" என்று எழுதுகிறார்கள். இப்போது அயற்கூற்றைக் கொண்டுவாருங்கள்: "தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்." நான், தான் ஆனது. நாளை, மறுநாள் ஆனது. வினை மாறியது. ஆங்கிலத்திலும் அதே மூன்று இடம்தான்: ஐ, ஹி ஆகும்; டுமாரோ, த நெக்ஸ்ட் டே ஆகும்; வில், வுட் ஆகும். மூன்று விரலை நீட்டி, "யார், எப்போது, வினை" என்று எண்ணச் சொல்லுங்கள். தேர்வறையில் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று மேற்பார்வைக்கு வந்தவர் என்னிடம் சந்தேகமாகக் கேட்டார்.

கேள்வி வாக்கியத்தில் இன்னொரு பொறி: "எங்கே போகிறாய் என்று கேட்டான்" என்பது "ஹி ஆஸ்க்ட் மி வேர் ஆர் யு கோயிங்" ஆகிவிடும். கேள்விக்குறி போன பிறகு கேள்வி வரிசையும் போக வேண்டும்: "வேர் ஐ வாஸ் கோயிங்".

வாக்கிய மாற்றத்துக்கு வினையெச்சமே போதும். "கதவைத் திறந்து உள்ளே போனான்" என்பதில் "திறந்து" இருக்கும் இடத்தில் "ஓப்பனிங் த டோர்" போட்டால் சிம்பிள். அண்ட் போட்டு இணைத்தால் காம்பவுண்ட். ஆஃப்டர் போட்டு ஆரம்பித்தால் காம்ப்ளெக்ஸ். "ஏழையாக இருந்தும்" மாதிரியான வாக்கியத்தில் தோ போட்டால் பட் போடக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் போடாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

5. ஒரு பீரியட், 40 நிமிடம்

வருகைப் பதிவு, தண்ணீர், தாமதமாக வருபவர்கள் எல்லாம் போக உங்களுக்குக் கிடைப்பது 35. முதல் ஐந்து நிமிடம் நேற்றைய பிழை ஒன்றைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் புதியது. பதினைந்து நிமிடம் அவர்கள் எழுத வேண்டும், நீங்கள் பெஞ்சுக்கு இடையில் நடக்க வேண்டும். மீதியில் இரண்டு பேர் எழுந்து வாசிக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் உங்களுக்கு விழுந்தால் இலக்கணத்தை அங்கே வைக்காதீர்கள். மரபுத்தொடருக்கு உகந்த நேரம் அதுதான்.

6. மரபுத்தொடர்: பட்டியலைக் கொடுக்காதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். ஐம்பது மரபுத்தொடரை, எதிரே தமிழ்ப் பொருளோடு, இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: கிக் த பக்கெட், இறந்துபோதல்.

பத்து நாள் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் விடுப்புக் கடிதம் வந்தது. நான்தான் வகுப்பாசிரியர். "மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட் யெஸ்டர்டே. சோ ஐ ரெக்வெஸ்ட் யு டு கிராண்ட் மி லீவ் ஃபார் டூ டேஸ்." இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. கடந்தகாலம் சரி, முற்றுப்புள்ளி சரி. ஆனால் தமிழில் சொன்னால், "எங்க தாத்தா நேத்து மண்டையைப் போட்டுட்டார், லீவு வேணும்" என்று எழுதியிருந்தான். உண்மையிலேயே தாத்தா இறந்துவிட்டார். என் ஜெராக்ஸை நம்பித் துக்கக் கடிதம் எழுதியிருக்கிறான். சாயங்காலம் ஒரு மாலை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து, அவன் பழையபடி சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதை எதுக்கு சார் சொல்லலாம்?" என்றான். "உங்க வீட்டு மிக்ஸி புகைஞ்சு நின்னா சொல்லு" என்றேன்.

அதிலிருந்து பொருளோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு மரபுத்தொடருக்கும் நான்கு வரி: என்ன பொருள், எந்தச் சூழல், யாரிடம் சொல்லலாம், தமிழில் நாம் என்ன சொல்வோம். வாரத்துக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். தேர்வு, விடுமுறை எல்லாம் போக ஜூனிலிருந்து ஜனவரிக்குள் 25 வாரம் கிடைத்தால் ஐம்பது ஆகிவிடும். அதே ஐம்பதுதான், ஆனால் நிற்கும்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் இரண்டு மொழியிலும் ஒரே படம் உள்ளவை. குரகடைல் டியர்ஸ், முதலைக் கண்ணீர். பெல் த கேட், பூனைக்கு மணி கட்டுவது. குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது ஆங்கிலத்திலும் ஃபிஷ் இன் ட்ரபுள்ட் வாட்டர்ஸ்தான். கைகழுவி விடுவதும் அப்படியே. இவற்றை முதல் மாதம் வைத்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். "இங்கிலீஷ்காரனும் நம்மள மாதிரிதானா?" என்பார்கள்.

அடுத்து, கருத்து ஒன்றாகவும் படம் வேறாகவும் உள்ளவை. இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை அவர்கள் மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ் என்கிறார்கள். நமக்குக் களத்தில் நெல் தூற்றக் காற்று வேண்டும்; அவர்களுக்கு வெட்டிய புல்லைக் காயவைக்க வெயில் வேண்டும், எப்போது மழை வரும் என்று தெரியாத ஊர். வீட்டில் வயல் உள்ள பிள்ளைகள் இதை ஒரு தடவை கேட்டால் மறப்பதில்லை. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோம், அவர்கள் நிலக்கரி விளைந்த நியூகாசிலுக்கே கரி கொண்டுபோகிறார்கள். நமக்கு அத்தி பூக்கிறது, அவர்களுக்கு நிலா நீலமாகிறது.

மூன்றாவது வகையை அரையாண்டுக்குப் பிறகு எடுங்கள்: படம் ஒன்று போல இருக்கும், பொருள் வேறு. புல் சம்ஒன்ஸ் லெக் என்றால் விளையாட்டாகக் கேலி செய்வது. இதைப் பிள்ளைகள் "காலை வாரிவிடுவது" என்று புரிந்துகொண்டு, நம்பிக்கைத் துரோகம் செய்தவனைப் பற்றி எழுதும்போது போடுவார்கள். அதோடு சேர்த்து, நாமே செய்த ஆங்கிலத்தையும் சொல்லிவிடுங்கள். தலைக்கனம் பிடித்தவனை "ஹெட்வெயிட்" என்கிறோமே, அது லண்டனில் ஒருவருக்கும் புரியாது. அங்கே பிக்ஹெடட். வகுப்பே நம்ப மறுத்தது. ஒரு பெண் அவளுடைய அக்காவிடம், காலேஜில் படிப்பவள், கேட்டு வந்துதான் ஒப்புக்கொண்டாள்.

ஃப்ரேசல் வெர்ப் தேர்வில் நேரடியாகக் கேட்பது, அதனால் விட முடியாது. இதற்கும் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு. "பார்" வேறு, "பார்த்துக்கொள்" வேறு. லுக் வேறு, லுக் ஆஃப்டர் வேறு. "கொடு" வேறு, "விட்டுக்கொடு" வேறு. கிவ் வேறு, கிவ் இன் வேறு. "தள்ளிப்போடு" என்பது புட் ஆஃப். பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல் பொருளையே புரட்டிவிடும் என்பது அவர்களுக்குப் புதிதில்லை, தினமும் தமிழில் செய்வதுதான்.

7. திருத்தும்போது

எல்லாப் பிழையையும் சுழிக்காதீர்கள். 42 நோட்டையும் அப்படித் திருத்த நேரம் இல்லை, சிவப்பு மழை பெய்த பக்கத்தைப் பிள்ளையும் பார்ப்பதில்லை, மூடி வைத்துவிடும். அந்த வாரம் எந்த வகையை எடுத்தீர்களோ அதை மட்டும் சுழியுங்கள். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிழை நோட்டில் மாணவர் எழுத வேண்டியது மூன்று வரி: நான் எழுதியது, சரியானது, தமிழில் ஏன் அப்படி வந்தது. மூன்றாவது வரியை அவர்களே கண்டுபிடித்து எழுத ஆரம்பிக்க எனக்கு ஆகஸ்ட் வரை ஆனது.

பென்சிலால் தமிழ் எழுத்தை மேலே எழுதி வைத்திருப்பவர்களைத் திட்டாதீர்கள். காலாண்டு வரை விடுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு பக்கமாக அழிக்கச் சொல்லுங்கள்.

8. செலவு

என் கணக்கு, 42 பேருக்கு. பிழை நோட்டு மொத்த விலையில் 12 ரூபாய் வீதம் 504. வாரம் அரைத்தாள் பயிற்சி, அதாவது 21 ஏ4 தாள், 25 வாரத்துக்கு 525 பக்கம். எங்கள் ஊரில் ஜெராக்ஸ் 1.50, ஆக 788. பத்து சார்ட் 100, ஸ்கெட்ச் பேனா 60, வினாத்தாள் பிரதி 63. மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். முதல் வருடம் முழுவதும் என் கையிலிருந்து போனது. இரண்டாம் வருடம் தலைமையாசிரியரிடம் கேட்டேன், பள்ளி மானியத்தில் ஜெராக்ஸுக்கு இடம் இருந்தது. ஆனால் கடை ரசீது இல்லாமல் ஒன்றும் நடக்காது. முதல் நாளிலிருந்தே ரசீது வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் பத்து ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். நல்ல நோக்கத்தோடு வாங்கினாலும் புகார் உங்கள் மேல்தான் வரும்.

9. எந்த மாதம் எது

ஜூன்: வாசிப்பு, பிழைக் கணக்கு. ஜூலை, ஆகஸ்ட்: வினை, அ, அன், த, வேற்றுமைப் பிழைகள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, பாடத்துக்கு இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. அக்டோபர், நவம்பர்: வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், வாக்கிய மாற்றம். தீபாவளியும் மழை விடுமுறையும் இந்த இரண்டு மாதத்தில்தான் வரும், ஆகவே ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். டிசம்பரில் அரையாண்டு. ஜனவரியோடு புதிய பாடத்தை நிறுத்திவிடுங்கள். திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், மார்ச்சில் பொதுத்தேர்வு.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு, பிப்ரவரி மாதம் தனித்திட்டம் வேண்டும். வாய்ஸை அவர்கள் தலையில் ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். நிறுத்தற்குறி 2, சொல் வரிசை 2, கட்டாயமாக வரும் சாலை வரைபடக் கேள்வி 2. இந்த ஆறு மதிப்பெண்ணும் தினம் கால் மணி நேரப் பயிற்சியில் கிடைக்கும். சொல் வரிசைக்கு முதலில் வினையைத் தேடி வட்டம் போடு, அப்புறம் அதைச் செய்தது யார் என்று தேடி முன்னால் வை, முற்றுப்புள்ளி ஒட்டிய சொல் கடைசி என்று சொல்லிக்கொடுங்கள். நிறுத்தற்குறியில் மேற்கோள் குறிக்கு உள்ளே முதல் எழுத்து பெரியதா என்பதை மட்டும் இருமுறை பார்க்கச் சொல்லுங்கள், மதிப்பெண் போகும் இடம் அதுதான்.

தேர்வு நாளில் வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கதையும் கவிதையும் பார்க்க வேண்டாம், இலக்கணப் பகுதியின் ஐந்து கேள்வியில் எந்த மூன்று என்று முடிவு செய்துவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். விரல் நீட்டி எண்ணுவதையும் டெஸ்க்குக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.